பின் பம்பரில் செம்மஞ்சள்

அவனுடைய காரில் மற்றவர்களின் நிறங்கள் இருந்தன. கதவில் பச்சை. பின் சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் அகலத்தில் மஞ்சள். பின் பம்பரின் மூலையில் கறுப்பு. ஞாயிறு பந்தயம் முடிந்ததும் மற்ற ஓட்டுநர்கள் நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, புதிதாகப் பெயின்ட் அடித்துக்கொண்டுதான் அடுத்த முறை வருவார்கள். அவனும் நிமிர்த்துவான். இடித்த கார்களிலிருந்து ஒட்டிய நிறத்தை மட்டும் தொடமாட்டான்.

நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“இந்தப் பச்சை போன மாசம்,” என்று கதவைத் தொட்டான். “மஞ்சள் அதுக்கு முதல். இன்னும் திருப்பிக் குடுக்கேல்லை அண்ணை. குடுத்தாப்பிறகுதான் பெயின்ற் அடிப்பன்.”

பகிடியாகச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது கதவில் பச்சை இல்லை.

“குடுத்திட்டியோ?”

“ஓம்.”

“எப்ப? அண்டைக்கு முழுக்க நான் இஞ்சைதானே நிண்டனான்.”

“நீங்கள் ரீ வாங்கப் போன நேரம்.”

அப்போது நான் கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் செய்த அதே வேலை. சம்பளம் போதாததால் வாரத்தில் மூன்று நாள் விமான நிலையத்திலும் ஷிப்ட். ஹவுன்ஸ்லோவில் பழைய டயர்க்கடை வைத்திருந்த ஒருவர் தன் மகன் கார் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறான், ஒரு படம் போடமுடியுமா என்று கேட்டார். தமிழ்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய செய்தி மாதத்துக்கு இருபது வரும். கார் ஓடிய செய்தி வந்ததில்லை. போனேன்.

அது பணக்காரர்கள் பார்க்கும் கார்ப் பந்தயம் அல்ல. தென்மேற்கு லண்டனில், வார நாட்களில் நாய்ப் பந்தயம் நடக்கும் ஒரு மைதானம். சுற்றிவர இரும்புக் கம்பி வேலி. நடுவே சிறிய முட்டை வடிவத் தார்ப் பாதை. முன்னும் பின்னும் தண்டவாளம் போன்ற இரும்புப் பம்பர் பூட்டிய முப்பது கார்கள் அதில் சுற்றும். இடிப்பது குற்றமில்லை. முன்னால் போகிறவனை வளைவில் வேலிக்குள் தள்ளிவிட்டுப் போவதுதான் அந்த விளையாட்டு. ஸ்டாக் கார் என்று சொல்வார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காரின் கூரை நிறம் ஓட்டுநரின் தரத்தைச் சொல்லும். புதியவனுக்கு வெள்ளை. பிறகு மஞ்சள், நீலம். எல்லாருக்கும் மேலே சிவப்பு. வெள்ளைக்கூரைகள் முன்வரிசையில் நின்று தொடங்கும். சிவப்புக்கூரைகள் கடைசி வரிசையில். கெட்டிக்காரனாக ஆக ஆக ஆளைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஆகவே கெட்டிக்காரர்கள் எப்போதும் பின்னாலிருந்துதான் வருவார்கள். அவன் ஒன்றரை வருடத்தில் வெள்ளையிலிருந்து நீலத்துக்கு வந்தவன். வயது இருபத்தொன்று.

அவர்கள் ஹாலந்திலிருந்து வந்த குடும்பம். இந்தப் பந்தயம் அங்கேயும் உண்டு. பன்னிரண்டு வயதில் தகப்பனோடு போய்ப் பார்த்தவனுக்கு வேறு எதுவும் பிடிக்காமல் போய்விட்டது. லண்டனுக்கு வந்து எஞ்சினியரிங் படிக்கச் சேர்ந்தான். முதலாம் வருடத்தோடு விட்டான். தாய் மூன்று மாதம் அவனோடு கதைக்கவில்லை. அவனும் கதைக்கவில்லை. கடைசியில் தாய்தான் தோற்றார்.

“இவன் ஆரைப்போலையெண்டு தெரியேல்லை,” என்று அந்த அம்மா என்னிடம் ஒருநாள் சொன்னார். மன்னார்ப் பக்கத்தவர், ஞாயிறு தமிழ்ப் பூசையைத் தவறவிடாதவர். மகனையும் இழுத்துக்கொண்டு போவார். “பரலோக மந்திரம் சொல்லேக்கை பக்கத்திலை நிண்டு பாருங்கோ. எங்களுக்குக் கெடுதல் செய்தவையைப் பொறுக்கிற இடம் வரும். அந்த இடத்திலை மட்டும் வாயை மூடுறான். பிறகு திரும்பத் தொடங்குறான். சாமிக்குப் பொய் சொல்லக்கூடாதாம்.”

நான் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். உண்மைதான்.

டயர்க்கடையில் நடந்த ஒன்றும் நினைவிருக்கிறது. மழை பெய்த ஒரு மாலை, கடை பூட்ட ஐந்து நிமிடம். விமானங்கள் கூரைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. காற்றுப்போன சக்கரத்தோடு ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் நம்மவர்தான், கோட் சூட் போட்டிருந்தார். அவன் அவரை ஒருமுறை பார்த்தான். உள்ளே போய் இரும்புக் கதவின் சங்கிலியை இழுத்தான். கதவு இறங்கி முடியும் வரை அந்த மனிதர் மழையில் நின்று “தம்பி, தம்பி” என்றார்.

“என்னடாப்பா, அஞ்சு நிமிசம் கிடக்குது,” என்றார் தகப்பன்.

“ரெண்டு வருசத்துக்கு முதல் உங்களை ‘டேய்’ எண்டு கூப்பிட்டவர்.”

“எனக்கே ஞாபகமில்லை.”

“எனக்கிருக்கு.”

கெட்டதை மட்டும்தான் இப்படி வைத்திருந்தான் என்று சொன்னால் பிழை. அவனுடைய முதலாவது பந்தயத்தில் ரேடியேட்டர் உடைந்தபோது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் தன்னிடமிருந்த உபரி ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்தானாம். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதனுடைய ரேடியேட்டர் உடைந்தது. இவனிடம் உபரி இருக்கவில்லை. தன் காரில் இருந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டு, அன்றைய மீதிப் பந்தயங்களைப் படியில் இருந்து பார்த்தான். தகப்பன் தலையில் கை வைத்தார். இவன் உருளைக்கிழங்குச் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். அன்று முழுக்க அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டவனின் நிம்மதி.

2009 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பந்தயக் குழுவின் சொந்தக்காரர் அவனைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார். பிடித்திருந்தால் அவர்களுடைய கார், அவர்களுடைய எஞ்சின், சம்பளம். தகப்பனின் டயர்க்கடையை நம்பி ஓடுகிறவன் தொழில்முறை ஓட்டுநர் ஆகிவிடுவான். இறுதிப் பந்தயத்தில் கடைசிச் சுற்றின் கடைசி வளைவு வரை அவன்தான் முன்னால். அந்த வளைவில் பின்னாலிருந்து நான்கைந்து கார்கள் கும்பலாக வந்தன. யாரோ இடித்தார்கள். அவன் வேலிக்குள் போனான். மற்றக் கார்களும் அவன்மேல் ஏறிக் குவிந்தன. ரப்பர்ப் புகை அடங்கியபோது அவனை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.

குழுச் சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். ஒக்டோபர் கடைசிப் பந்தயத்துக்கு மறுபடி வருவதாகவும், அதுவரை ஓர் இடத்தை வைத்திருப்பதாகவும் சொன்னார். நல்ல மனிதர்.

அடுத்த நாள் கட்டுப்போட்ட கையோடு அவன் கடைக்குப் போய், நசுங்கிய காரைச் சுற்றி நடந்தான். பின் பம்பரின் நடுவில், ஒரு கை அகலத்துக்குச் செம்மஞ்சள் நிறம் ஒட்டியிருந்தது.

அந்த மைதானத்தில் செம்மஞ்சள் பம்பர் ஒருவருக்குத்தான். டெரி. ஐம்பது வயது, கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் தொழில் செய்பவர், சிவப்புக்கூரை. கொடி காட்டும் தொண்டர்களுக்கென்று ஒவ்வொரு ஞாயிறும் பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் கொண்டுவருவார். என்னைக் கண்டால் “பத்திரிகைக்காரரே, இன்றைக்காவது என் நல்ல பக்கத்தைப் படம் எடு” என்பார். அந்தக் குவியலில் அவருடைய காரும் கிடந்தது.

“டெரி,” என்றான் அவன். அவ்வளவுதான்.

ஏப்ரலில், வன்னியில் போரை நிறுத்தச் சொல்லி, லண்டன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் சனம் கூடியிருந்தது. நான் தினமும் போனேன். அது என் வேலை. அந்த மாதங்களில் என்னிடம் வந்த இறந்தோர் எண்ணிக்கைகளில் ஒன்றைக்கூட நான் சரிபார்த்து எழுதவில்லை. சரிபார்க்க வழி இருக்கவில்லை. ஒருநாள் கூட்டத்தில் அவனைக் கண்டேன். கையில் கட்டு. தாயைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். தாயின் தம்பி வன்னியில். ஆறு வாரமாகச் சேதி இல்லை. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தவில்லை. வீதியை, பொலிஸ்காரர்களை, அந்தப் பெரிய கட்டடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இஞ்சை ஆருக்கு அண்ணை திருப்பிக் குடுக்கிறது?” என்று கேட்டான்.

நான் குறிப்புப் புத்தகத்தில் அன்றைய திகதியை எழுதினேன். 

மே மாதத்தில் போர் முடிந்த பிறகு அவர்கள் வீட்டில் தொலைபேசி அடித்தால் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஓகஸ்ட் அளவில் எழுந்து நிற்பதை விட்டுவிட்டார்கள்.

ஜூனில் கட்டு அவிழ்த்தார்கள். அடுத்த ஞாயிறே காரில் ஏறினான். அந்தக் கோடையில் அவன் ஓடியதைப் போல முன்பு ஓடவில்லை. மஞ்சள் போயிற்று. கறுப்பு போயிற்று. புதிதாக வந்த ஊதா ஒரே வாரத்தில் போயிற்று. கார் முழுக்கச் சுத்தமானது, பின் பம்பரைத் தவிர. மற்ற ஓட்டுநர்களுக்கும் இப்போது விசயம் தெரிந்திருந்தது. பந்தயத்துக்கு முன் அவன் காரைச் சுற்றிவந்து பார்த்து, “டெரி, உன் நிறம் மட்டும்தான் மிச்சம்” என்று பகிடி விடுவார்கள். டெரி பிளாஸ்க்கைத் திறந்துகொண்டே, “வரட்டும், எனக்கென்ன அவசரம்” என்பார்.

ஜூலையில் ஒரு தகுதிப் பந்தயத்தில் டெரி அவனுக்கு நேர் முன்னால் ஐந்து சுற்றுப் போனார். அவன் தொடவில்லை.

“ஏன் விட்டனீ?” என்று கேட்டேன்.

“அது ஹீற் அண்ணை. எனக்கு விழுந்தது பைனல்லை. கடைசிச் சுத்து, கடைசி வளைவு. அதே இடத்திலைதான் குடுக்கவேணும். இல்லாட்டி அது வேறை அடி.”

ஒக்டோபர் பந்தயத்துக்கு முந்திய வாரம் ஆசிரியர் அவனைப் பற்றி அரைப்பக்கம் கேட்டார். ‘சம்பளத்துக்கு ஓடப்போகும் முதல் தமிழ்ப் பிள்ளை’ என்று தலைப்பையே எழுதிவைத்துவிட்டார். படம் தேடிப் பெப்ரவரி மாதப் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். அன்று எடுத்தவை நூற்றுக்கும் மேல். இடைவேளையில் எடுத்த ஒன்றில் தகப்பன் முன்சக்கரத்தின் கீழே படுத்திருக்கிறார். அவன் பின்னால் குந்தியிருந்து பாண் தின்கிறான். அவன் தோளுக்குப் பக்கத்தில் பின் பம்பர் தெரிந்தது. அதன் நடுவில், ஒரு கை அகலத்துக்குச் செம்மஞ்சள்.

நேரத்தைப் பார்த்தேன். இறுதிப் பந்தயம் தொடங்குவதற்கு நாற்பது நிமிடத்துக்கு முன்னர்.

அந்த நிறம் வேலிக்குள் தள்ளிய அடியில் ஒட்டியதல்ல. அதற்கு முந்திய ஏதோ ஓட்டத்தில், வழமையாக எல்லாருக்கும் விழுவதுபோல விழுந்த சின்னத் தட்டு. தகப்பன் முன்பக்கத்தில் வேலையாக இருந்தார், மகன் பின்பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டான், ஒருவரும் காணவில்லை. குவியலின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து கார்கள். எது முதலில் இடித்தது என்று சொல்ல முடியவில்லை. டெரியாகவும் இருக்கலாம். மற்ற நால்வரில் எவனாகவும் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் செய்தி மேசையில் இருந்தவர்கள் எனக்குப் பழக்கிய பழக்கம் ஒன்று உண்டு. பிழை தெரிந்தால் அச்சுக்குப் போகமுன் சொல்லவேண்டும். சனிக்கிழமை காலை படத்தைக் கமெராவில் ஏற்றிக்கொண்டு ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். தகப்பன் வெளியே ஒரு வானுக்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். அவனை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். நேரத்தையும் காட்டினேன்.

 அவன் கிறீஸ் படிந்த கையைத் துடைத்துவிட்டுப் பொத்தானை அமத்தி, பம்பரைப் பெரிதாக்கினான்.

“அப்ப ஆர்?”

“தெரியேல்லை. மற்றப் படங்களிலையும் விளங்கேல்லை.”

“ஆருக்காவது தெரியுமோ?”

“ஆருக்கும் தெரியாது எண்டுதான் நினைக்கிறன். இடிச்சவனுக்கே தெரியாமலிருக்கும்.”

வெளியே காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது. அவன் கமெராவை என் கையில் திருப்பித் தந்தான்.

“எனக்கு டெரி போதும்,” என்றான்.

“தம்பி, அவர் செய்யேல்லையெண்டால்...”

“விளங்குது அண்ணை. ஆரெண்டு தெரியாத ஆளுக்கு என்னெண்டு குடுக்கிறது? இந்த நிறமாவது கையிலை கிடக்குது.”

“நாளைக்கு வடக்காலை அந்த மனுசன் வாறார். உன்ரை சீவியம்.”

“ஓம்,” என்றான். தகப்பன் கூப்பிட்டார். போனான்.

நான் தகப்பனிடம் சொல்லியிருக்கலாம். டெரியிடம் போய்ப் படத்தைக் காட்டியிருக்கலாம். ஞாயிறு பின்னேரம் மைதானத்தில் டெரி என்னைத் தாண்டிப் போனார், பிளாஸ்க்கைக் காட்டி “குடிக்கிறாயா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கமெரா என் கழுத்தில் தொங்கியது.

இறுதிப் பந்தயத்தில் பாதித் தூரத்துக்குள் அவன் முதலாவது இடத்துக்கு வந்துவிட்டான். எதிர்ப்பக்கப் படியில் குழுச் சொந்தக்காரர் எழுந்து நின்று பார்த்தார். தகப்பன் எனக்குப் பக்கத்தில் இருந்து செபமாலையை உருட்டினார்; அது மனைவியுடையது. மூன்று சுற்று மிச்சமிருக்க, கடைசி வரிசையிலிருந்து வந்த டெரி இரண்டாவது இடத்துக்கு வந்தார். இடைவெளி நல்ல தூரம். பிடிக்கவே முடியாது.

இரண்டு சுற்று மிச்சமிருக்கும்போது அவன் நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்தான்.

“எஞ்சின்,” என்றார் தகப்பன். “ஐயோ, எஞ்சின்!”

எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, சத்தத்திலேயே தெரிந்தது. அவன் வெளிப்பக்கம் ஒதுங்கி, டெரியை உள்ளால் போகவிட்டான். டெரி போகும்போது கையைக்கூடத் தூக்கிக் காட்டினார். பாவம், கார் பழுது என்று நினைத்திருப்பார். போனதும் இவன் பின்னால் சேர்ந்துகொண்டான். ஒரு முழம் இடைவெளிகூட இல்லாமல் ஒரு சுற்று. கடைசிச் சுற்றுக் கொடி விழுந்தது.

கடைசி வளைவில் முன்னால் போகிறவனைத் தள்ளிவிட்டு வெல்வது அந்த விளையாட்டில் பெருமையான வெற்றி. தள்ளியதும் உள்ளே திரும்பிக் கோட்டைத் தாண்டவேண்டும். அதைச் செய்திருந்தால் அன்று அவனுக்கு இரண்டும் கிடைத்திருக்கும். அவன் திரும்பவில்லை. பிரேக்கும் பிடிக்கவில்லை. செம்மஞ்சள் காரைத் தன் நீல முன் பம்பரில் ஏந்திக்கொண்டு, வேலி வரை கொண்டுபோய், வேலியிலும் விடாமல் அமத்தினான். இரும்புக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்த சத்தம் கேட்டது. மூன்றாவதாக வந்தவன் பக்கத்தால் போய் வென்றான்.

நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். என்ன வார்த்தை என்று நினைவில்லை, தமிழில் கத்தினேன். ஏப்ரல் தொடங்கிப் பத்து வாரம் நாடாளுமன்றத்துக்கு முன்னால் கத்தாமல் குறிப்பெடுத்தவன் நான். தகப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “இரும் ஐசே” என்றபோதுதான் நிறுத்தினேன்.

டெரியைக் காரை வெட்டித்தான் எடுத்தார்கள். வலது கணுக்கால் நொறுங்கியிருந்தது. அவன் தானாக இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் போகும்வரை பார்த்தான். முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்த நாளின் முகம் அல்ல அது.

குழுச் சொந்தக்காரர் தகப்பனிடம் மட்டும் கை கொடுத்தார். “தள்ளத் தெரிந்த ஆட்கள் என்னிடம் நிறையப் பேர். தள்ளிவிட்டுத் திரும்பத் தெரிந்த ஒருவனைத்தான் தேடினேன்,” என்றார்.

அரைப்பக்கம் வெளிவரவில்லை. நவம்பரில் அவன் ஹாலந்துக்குப் போனான். அங்கே பார்சல் வான் ஓடுகிறானாம். போகமுன் காரை முழுக்க வெள்ளையாகப் பெயின்ட் அடித்து, கூரையையும் வெள்ளையாக அடித்து, கடைக்குப் பின்னால் விட்டிருந்தான். பின் பம்பரைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம் வசந்தத்தில் வேறொரு வேலையாக அந்த மைதானத்துக்குப் போனேன். டெரி இருந்தார். ஒரு கால் இழுத்தது. புதிதாகக் கட்டிய கார். பம்பர் அதே செம்மஞ்சள். பிளாஸ்க்கைக் காணவில்லை.

“உங்கள் பெடியன் எங்கே?” என்று கேட்டார்.

“ஊரில் இல்லை.”

“வருவானா?”

“தெரியாது.”

“நான் அவனுக்கு என்ன செய்தேன்?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்து யோசித்த மனிதர் கேட்பதுபோலக் கேட்டார். “பெப்ரவரி இறுதிப் பந்தயத்தில் நான் அவனைத் தொடவேயில்லை. உனக்குத் தெரியுமா, ஏன் என்று?”

படம் என் மேசை லாச்சியில் இருந்தது. அச்சடித்து, பின்னால் நேரமும் எழுதி வைத்திருந்தேன்.

“தெரியாது,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அப்போதுதான் கண்டேன். கார் முழுவதும் புதிது. பின் பம்பர் மட்டும் பழையது. நசுங்கிய பழைய காரிலிருந்து கழற்றிப் பூட்டியிருந்தார். அதன் நடுவில், ஒரு கை அகலத்துக்கு, நீலம். எங்கள் பெடியனின் முன் பம்பர் நிறம்.

அதற்கு மேலே அவர் பெயின்ட் அடிக்கவில்லை.